நாலாவது போட்டோ

"கப்பல்காரன் நம்ம மூஞ்சியப் பாக்கமாட்டான் மருமகனே, பேப்பரைத்தான் பாப்பான். ஆனா…" என்று தவசிமுத்துவின் மாமனார், தொழிற்சாலைப் பூஜையன்று மைக்கைப் பிடித்துச் சொன்னார். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை எண்ணியவர். அந்த 'ஆனா'வுக்குப் பிறகும் ஏதோ சொன்னார். அது என்னவென்று தவசிமுத்துவுக்கு ஞாபகமில்லை. அந்த நேரம் பார்த்துப் பந்தியில் வடை வந்துவிட்டது. ஆகவே ஞாபகம் இருந்த வரைக்கும் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் நாற்காலிக்கு மேலே மாட்டிக்கொண்டார். மீதி இல்லாமலேயே இரண்டு வருஷம் தொழில் நடந்தது.

செம்மண்விளையில் அவருக்குத் தென்னை நார்த்தூளை அழுத்திக் கட்டியாக்குகிற தொழில். நாம் காலால் தள்ளிவிட்டுப் போகிற தூளை ஸ்பெயின் தேசத்தில் விலை கொடுத்து வாங்கி அதில் தக்காளி வளர்க்கிறார்கள். இதுவரை யார் யாருடைய பெயரிலோ போய்க்கொண்டிருந்த அவருடைய கட்டிகள், முதல்முறையாக அவர் பெயரிலேயே கப்பலேறப் போகின்றன. ஒரு முழுக் கண்டெய்னர். நாலாயிரத்து எண்ணூறு கட்டி. வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தூத்துக்குடித் துறைமுக வாசலைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக ஸ்பெயின்காரன் எழுதியிருந்தான். அந்த வேறு இடம் தவசிமுத்துவின் ஜன்னலிலிருந்தே தெரியும். சாலைக்கு எதிர்ப்புறம், நீலக் கேட். அவர் மனைவியின் தம்பி லிங்கதுரையின் தொழிற்சாலை. முப்பது கண்டெய்னர் அனுப்பியவன். அதை ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் சொல்லிக் காட்டுகிறவன்.

தவசிமுத்துவிடம் மூன்று பேர் இருந்தார்கள். மேஸ்திரி பூலோகபாண்டி, தபாலில் பட்டம் வாங்கிய ஆபீஸ் கிளார்க் ஞானதிரவியம், நல்ல கேமரா உள்ள செல்போன் வைத்திருந்த ஒரே காரணத்துக்காகப் படமெடுக்க நியமிக்கப்பட்ட வண்டிமலையான். மூவரும் சொன்னதைச் செய்வார்கள். சொன்னதை மட்டும் செய்வார்கள். ஊரார் அவர்களை முட்டாள்கள் என்றார்கள். தவசிமுத்து விசுவாசிகள் என்றார்.

துறைமுகத்தில் அவருக்காகப் பேப்பர் வேலை பார்த்த ஏஜெண்ட், ரெக்ஸலின் மேடம். செவ்வாய்க்கிழமையே போனில் சொல்லிவிட்டாள். "சார், நாலு போட்டோ வேணும். பெட்டி காலியா இருக்கும்போது ஒண்ணு. பாதி ஏத்தினதும் ஒண்ணு. முழுசா ஏத்தினதும் ஒண்ணு. கதவைச் சாத்தி சீல் போட்டதும் ஒண்ணு. நாலுல ஒண்ணு இல்லன்னாலும் பெட்டி உள்ள போகாது. பாத்தா யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது."

தவசிமுத்து மூவரையும் வரிசையாக நிற்கவைத்து, அதை மூன்று தடவை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கண்டெய்னர் வந்தது. இருபது ஆள் கைமாற்றிக் கைமாற்றிப் பதினோரு மணிக்கெல்லாம் கூரை முட்ட ஏற்றிவிட்டார்கள். தவசிமுத்துவுக்கு ஒரே பூரிப்பு. எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார். கடைசி வாய் சர்பத்தைக் குடித்துவிட்டு வண்டிமலையான் கேட்டான்.

"அண்ணாச்சி, காலிப் பெட்டியை எப்ப எடுக்க?"

எல்லாரும் கூரை முட்ட நிறைந்திருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதிரவியம்தான் தொண்டையைச் செருமினான். "எதிர்த்தாப்ல லிங்கதுரை அண்ணாச்சி வாசல்ல ஒரு காலிப் பெட்டி நிக்கு. அதை எடுத்து அனுப்பினா என்ன?"

"என்னவே பேசுதீரு?" என்றான் பூலோகபாண்டி. "உமக்கு வயித்துவலின்னா என் வயித்தையா எக்ஸ்ரே எடுப்பாங்க?"

நியாயமான கேள்வி என்று தவசிமுத்துவுக்குப் பட்டது. நாலாயிரத்து எண்ணூறு கட்டியும் இறங்கின. காலிப் பெட்டியின் படம் அருமையாக வந்தது.

மறுபடி ஏற்றினார்கள். பூலோகபாண்டி வாசலில் நின்று எண்ணி, சரியாக இரண்டாயிரத்து நானூறாவது கட்டியில் கையைத் தூக்கினான். வண்டிமலையான் படம் எடுத்துக் காட்டினான். தவசிமுத்து கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பெட்டியின் கடைசிக் கோடியில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ தெரிந்தது.

"இது பாதி மாதிரி தெரியலையே."

"தூரத்துல இருக்குல்லா, அதான் சின்னதாத் தெரியுது" என்றான் ஞானதிரவியம்.

"அப்ப கிட்டக் கொண்டாந்து வச்சா பெருசாத் தெரியும்" என்றான் வண்டிமலையான்.

இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? இரண்டாயிரத்து நானூறு கட்டியையும் கதவுப் பக்கம் நகர்த்தி அடுக்கினார்கள். இப்போது படத்தில் பெட்டி நிரம்பி வழிவது போல இருந்தது. மீதிக் கட்டிகளை ஏற்ற வழியும் அடைபட்டுப் போனது. எனவே அடுக்கியதையும் கீழே இறக்கினார்கள்.

நீலக் கேட்டில் சாய்ந்தபடி லிங்கதுரை ரொம்ப நேரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தான்! ஏத்துதீங்களா, இறக்குதீங்களா?"

"போட்டோ எடுக்கோம் மாப்ளே."

"எங்க அக்கா கல்யாணத்துக்குக்கூட இம்புட்டு எடுக்கலையே!"

தவசிமுத்து உள்ளே போய்ச் சட்டத்துக்குள் இருந்த வாசகத்தை ஒருதரம் படித்துவிட்டு வந்தார். மனம் உறுதிப்பட்டது. சாயங்காலத்துக்குள் பாதிப் படத்தை ஒருவழியாகத் தேற்றி, பெட்டியையும் நிரப்பிவிட்டார்கள். மூன்றாவது படமும் எடுத்தாயிற்று. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். தவசிமுத்து அந்தப் படத்தையும் உற்றுப் பார்த்தார்.

"முன்வரிசைதானே தெரியுது? பின்னாடி காலின்னு மேடத்துக்குச் சந்தேகம் வந்தா?"

மூவரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். முதலாளி முதலாளிதான்.

வியாழக்கிழமை விடிந்ததும் முன்வரிசையை எடுத்துவிட்டு இரண்டாம் வரிசையைப் படம் பிடித்தார்கள். இரண்டாம் வரிசையை எடுத்துவிட்டு மூன்றாவதை. இப்படி ஒவ்வொரு வரிசையும் உண்மையிலேயே உள்ளே இருக்கிறது என்பதற்குச் சாட்சி சேர்த்துக்கொண்டே போய், கடைசி வரிசையின் சாட்சியும் கிடைத்தபோது பெட்டியில் ஒன்றுமே இல்லை. "காலிக்கு இன்னொண்ணு கூடுதலா இருக்கட்டும்" என்று வண்டிமலையான் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டான். ஆட்கள் தலையிலடித்துக்கொண்டு, இந்த வாரத்தில் நாலாவது தடவையாக ஏற்ற ஆரம்பித்தார்கள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கடைசி வரிசைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு முழம் இடம். பூலோகபாண்டி கதவை இழுத்துச் சாத்தி, விரல் தடிமன் இரும்புச் சீல் பூட்டை மாட்டி, சுத்தியலால் ஒரு போடு போட்டான். ஞானதிரவியம் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சீல் நம்பரைச் சொன்னான். "நம்பரைக் கஸ்டம்ஸ்ல பதிஞ்சுட்டேன்" என்றாள் ரெக்ஸலின். "இனிமே அந்த சீலை ஸ்பெயின்காரன்தான் வெட்டணும். வேற யாரும் கைவைக்கக் கூடாது. நாலாவது போட்டோ எங்கே?"

"எங்கல வண்டிமலையான்?" என்று தவசிமுத்து திரும்பியபோது அவர் போன் கிணுகிணுத்தது. படம் வந்திருந்தது. முழுக்கக் கறுப்பு.

அவனைக் கூப்பிட்டார். போன் மணி கண்டெய்னருக்குள் அடித்தது.

"ஏல, உள்ள என்னல பண்ணுத?"

"நாலாவது போட்டோ அண்ணாச்சி." மேல்மூலைக் காற்றுத் துவாரம் வழியாகவும் அதே குரல் வந்தது. "மூணு போட்டோவும் உள்ளதானே எடுத்தேன்? நாலாவதை மட்டும் வெளிய நின்னு எடுத்தா, உள்ள சரக்கு இருக்குன்னு எப்படித் தெரியும்? சந்தேகம் வரும்லா?"

"கறுப்பா இருக்கேல!"

"கதவு சாத்தியிருக்கே அண்ணாச்சி. டார்ச் போட்டு எடுக்கலாம்தான். வெளிச்சம் தெரிஞ்சா கதவு திறந்திருக்குன்னு மேடம் நினைச்சிருவாங்க."

தவசிமுத்து அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஞானதிரவியம் மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே நின்று கதவையும் சீலையும் ஒரு படம் எடுத்து அனுப்பிவைத்தான். மேடம் "ஓகே" என்று பதில் போட்டாள். இரண்டு நாளில் அங்கே நடந்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான். அதற்கு அவனை யாரும் பாராட்டவில்லை.

"சீலை வெட்டிருவோமா?" என்றான் பூலோகபாண்டி.

"வெட்டக் கூடாது!" என்று பெட்டிக்குள்ளிருந்து கத்தல் வந்தது. "ஸ்பெயின்காரன்தான் வெட்டணும். மேடம் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. நம்பர் போயிட்டா கப்பல் போயிரும் அண்ணாச்சி!"

"வேற சீல் வாங்க தூத்துக்குடிக்கு ஆள் போய் வரணும்" என்றான் ஞானதிரவியம். "அதுக்குள்ள ஆறு மணி தாண்டிரும்."

ஒரு முடிவுக்கும் வராமலே வண்டியைக் கிளப்பினார்கள். முடிவு வழியில் வரும் என்று தவசிமுத்து நம்பினார். டிரைவர், "உள்ள யாரோ பாட்டுப் பாடுற மாதிரி இருக்கே" என்றான். "நீ ரோட்டைப் பாருப்பா" என்றார்.

வழியில் வந்தது எடை மேடை. சரக்கின் எடையும் பேப்பரின் எடையும் ஒத்துப்போனால்தான் துறைமுகத்துக்குள் விடுவார்கள். மேடைக்காரர் சீட்டை நீட்டினார். ஐம்பத்து நாலு கிலோ கூடுதல்.

"ஈரம் ஏறியிருக்குமோ?" என்றான் ஞானதிரவியம்.

பூலோகபாண்டி விரலை மடக்கி யோசித்தான். "போன மாசம் ரத்ததான முகாம்ல வண்டிமலையான் ஐம்பத்து நாலு கிலோ."

பெட்டிக்குள்ளிருந்து உடனே யோசனை வந்தது. "நான் குதிக்கேன் அண்ணாச்சி. அந்தரத்துல இருக்கும்போது டக்குன்னு எடை போட்டுருங்க."

போட்டுப் பார்த்தார்கள். பூலோகபாண்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு, குதி!" என்று பெட்டியைத் தட்டினான். பெட்டிக்குள் 'திம்' என்று சத்தம் கேட்டது. எடை மேடைக்காரர் தன் கருவியைத் தட்டிப் பார்த்தார், கழற்றி மாட்டினார், பிறகு எழுந்து வந்து இவர்களைப் பார்த்தார். ஏழு தடவை குதித்த பின்பும் எண் ஒரு நிலைக்கு வரவில்லை. எட்டாவது தடவை வண்டிமலையானின் தலை கூரையில் இடித்தது.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. லிங்கதுரை. தோளில் நீளமான கட்டர்.

"அத்தான், வெளையாட்டுப் போதும். உள்ள ஒரு உசுரு இருக்கு. இந்தாங்க, வெட்டுங்க."

தவசிமுத்து கட்டரைப் பார்த்தார். மணி நாலே கால். வெட்டினால் வண்டிமலையான் இறங்குவான், கப்பல் தவறிப்போகும், ஸ்பெயின்காரன் நீலக் கேட்டைத் தட்டுவான். அடுத்த விசேஷ வீட்டில் லிங்கதுரை முப்பத்தொன்று என்பான். இந்தக் கட்டர் கதையையும் சேர்த்துச் சொல்வான்.

"இரு மாப்ளே" என்று ஓரமாகப் போய் ரெக்ஸலினுக்குப் போன் போட்டார். "மேடம், பேப்பர்ல இல்லாத ஒண்ணு சரக்கோட ஏறிப்போச்சு. ஐம்பத்து நாலு கிலோ."

"என்ன சார், சாம்பிளா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

"அதை முதல்லயே சொல்றதில்லையா? எடையை மாத்தி, பேக்கிங் லிஸ்ட்ல ஒரு வரி சேத்து உடனே அனுப்புங்க. பேரு, எத்தனை, எடை. உள்ள இருக்கிறதும் பேப்பர்ல இருக்கிறதும் ஒத்துப்போனா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. விக்கிற பொருளா, சும்மா அனுப்புறதா?"

"சும்மாதான்."

"அப்ப வணிக மதிப்பு இல்லைன்னு போட்டுருங்க."

போனை வைத்துவிட்டுத் தவசிமுத்து திரும்பி வந்தார். லிங்கதுரை கட்டரை நீட்டியபடியே நின்றான். பெட்டிக்குள்ளிருந்து, "கப்பல்ல எத்தனை நாள் அண்ணாச்சி? பொங்கலுக்கு வந்துரலாம்லா?" என்று மட்டும் கேட்டது.

தவசிமுத்து ஞானதிரவியத்தைக் கூப்பிட்டு, பேக்கிங் லிஸ்டில் நாலாயிரத்து எண்ணூறு நார்க்கட்டிகளுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "வண்டிமலையான். எண்ணிக்கை ஒன்று. எடை ஐம்பத்து நாலு கிலோ. வணிக மதிப்பு இல்லை."