யானை தூக்கிய கால்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் மீசை முழுக்க உதிர்ந்து போகட்டும்!

மூன்று காடுகளுக்கு நடுவே ஒரு குளம். அந்தக் காலத்தில் மிருகங்களுக்கும் அடுப்பு உண்டு. கிழக்குக் காட்டு யானை கரும்பை வேகவைத்துத் தின்னும். மேற்குக் காட்டுப் பன்றி கிழங்கு சுடும். தெற்குக் காட்டுக் குரங்கு பசிக்காவிட்டாலும் அடுப்பை அணைக்காது. மூன்று காட்டுப் புகையும் ஒரே வானத்தில் கம்பளியாகக் கவிந்தது. வெக்கையில் குளம் வருடா வருடம் வற்றிக்கொண்டே வந்தது.

வருடம் தவறாமல் மூன்றும் கூடும். தண்ணீரில் கால் வைத்து, "இனி அடுப்பைக் குறைப்பேன்!" என்று சத்தியம் செய்யும். வீட்டுக்குப் போனதும் புதிதாக ஒன்று மூட்டும்.

இந்த வருடம் குளத்தில் வெறும் சேறு. போன வருடம் யானை சத்தியம் செய்த காலடிப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அதில் ஒரு தாய் விரால் முட்டையிட்டுக் காவல் இருந்தது.

"சீக்கிரம் சத்தியத்தை முடிங்கப்பா, கிழங்கு கருகுது!" என்றது பன்றி.

யானை பள்ளத்துக்கு நேராகக் காலைத் தூக்கியது.

விராலுக்கு உயிரே போய்விட்டது. "ஆனை அண்ணே! வைக்காதே! இங்கே என் பிள்ளைங்க!"

யானை குனிந்து பார்த்தது. மஞ்சள் மணிகளாக முட்டைகள் மிதந்தன. தூக்கிய கால் அப்படியே நின்றது.

"வேற எங்கேம்மா வைக்கிறது? தண்ணியே இல்லையே!"

"போன வருஷம் வெச்சியே, அந்தச் சத்தியம் என்னாச்சு அண்ணே?"

யானை காதால் முகத்தை மூடிக்கொண்டது. "முதல்ல பன்றி குறைக்கட்டுமே..."

"நானா? குரங்கைக் கேளு!"

"என்னுது சின்ன அடுப்பு! பெரிய வயித்துக்காரரு முதல்ல!"

"நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள இதுங்க கருவாடாயிடும்," என்றது விரால். கத்தவில்லை. முட்டைகளுக்கு வாலால் விசிறிக்கொண்டே சொன்னது.

யானை தூக்கிய காலைக் கீழே வைக்காமலே, மூன்று காலில் நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது. தன் எட்டு அடுப்புகளில் ஏழு அடுப்புகளை அணைத்தது. அணைத்த அடுப்புகளின் சாம்பலைக் கொண்டுவந்து கரையில் கொட்டியது.

"இதுதான் என் சத்தியம். உங்களுது எங்கே?"

பன்றி முனகிக்கொண்டே போய்ச் சாம்பலோடு வந்தது. குரங்கும் வந்தது. அன்று முதல் கூட்டத்துக்கு யாரும் வெறும் வாயோடு வரக்கூடாது, சாம்பலோடுதான் வர வேண்டும் என்றானது.

புகை மெல்லத்தான் விலகியது. மழை வரும்வரை யானை தூரத்து ஊற்றிலிருந்து துதிக்கையில் தண்ணீர் மொண்டுவந்து பள்ளத்தில் ஊற்றியது. ஒருநாள் செக்கச்செவேலென்று குஞ்சுகள் அதன் துதிக்கை நுனியைக் கடித்து விளையாடின. யானை கூச்சத்தில் நெளிந்தது.

ஒரே வானத்தின் கீழ் வாழ்பவர்கள், அடுத்தவர் அணைக்கட்டும் என்று காத்திராமல் தங்கள் அடுப்பை இன்றே அணைக்க வேண்டும்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்; சொன்னது நான்தான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், போன தடவை சொன்னதற்கே பன்றிக்கு இன்னும் என்மேல் கோபம் தீரவில்லை!