மிளகுக்கு முதுகு காட்டிய சபை

எருக்கங்கோட்டையில் அரசரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் நாயைப் பார்த்தாக வேண்டும். பார்ப்பதென்ன, தாங்கியாக வேண்டும். முன்னங்கால் இரண்டையும் நெஞ்சில் ஊன்றி, மூக்கை நக்கிய பிறகுதான் உள்ளே விடும்.

பேர் மிளகு. ஆற்று வெள்ளத்தில் வைக்கோல் போரோடு மிதந்து வந்ததை மகுடேசுர ராஜாவே குதித்துக் கரை சேர்த்தார். பிழைத்த சந்தோஷத்தை அது ஆள் தவறாமல் பங்கு வைத்தது.

ஒருநாள் பிரதானி அனந்தப்பர் மேல் பாய்ந்தது. தலைப்பாகை உருண்டது. இருபது வருஷமாக அவர் மூடிக் காத்த வழுக்கை சபைக்கே வெளிச்சம் தந்தது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிரதானி சிரிக்கவில்லை. "மகாராஜா, அடுத்த வெள்ளிக்கிழமை அண்டை நாட்டுத் தூதர் வருகிறார். அவர் தலைப்பாகையும் உருண்டால் அடுத்த தடவை படையோடு வருவார். இதை அக்கரையில் கொண்டு விட்டுவிடுவோம்."

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. வாய்த்துடுக்குக்காகவே சபையில் வைத்திருந்த உத்தண்டியைப் பார்த்தார்.

"ஓய் உத்தண்டி, வெள்ளிக்கிழமைக்குள் இது நாலு காலையும் தரையில் வைத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அக்கரைதான்."

"பாவம், தனியாகவா?" என்றார் பிரதானி. "உத்தண்டியும் துணைக்குப் போகட்டுமே."

"போகட்டும்" என்றார் ராஜா.

உத்தண்டி இரண்டு நாள் தூணோரம் சும்மா உட்கார்ந்து பார்த்தான். நாய் தாவினால் இருபது பேர் அலறினார்கள், கையை வீசினார்கள், தள்ளினார்கள். ராஜா, "அடேய் மிளகு!" என்று கொஞ்சினார். அது அடங்கிப் படுத்தாலோ, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாவம், அதற்கும் புத்தி இருக்கிறது. எது பலிக்கிறதோ அதைச் செய்தது.

மூன்றாம் நாள் உத்தண்டி எழுந்தான். "மகாராஜா, மிளகு தாவினால் சபை முழுக்க அதற்கு முதுகு காட்ட வேண்டும். மூச்சு விடக் கூடாது. நாலு காலும் தரைக்கு வந்தால் மட்டும் திரும்பி, மெதுவாகக் காதைச் சொறிய வேண்டும்."

பிரதானி துள்ளினார். "அது சபை நடுவே ஓடும். அதற்கு முதுகு காட்டினால் சிம்மாசனத்துக்கும் காட்டியதாகும்! அரசர் முகத்துக்கு முன் முதுகு காட்டினால் பதினெட்டுக் கசையடி. சட்டம் தெரியுமா?"

"தெரியும் சாமி. முகத்துக்கு முன் என்றுதானே சட்டம்? மகாராஜா முதலில் சுவர்ப்பக்கம் திரும்பிவிடட்டும்."

"நானா?" என்றார் ராஜா.

"அதைக் கெடுத்ததே உங்கள் சிரிப்புதானே, மகாராஜா."

சபை விறைத்தது. ராஜா மீசையைத் தடவினார். பிறகு சிம்மாசனத்தில் அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

மிளகு ஓடி வந்தது. தாவியது. முதுகு. இன்னொருவரிடம் தாவியது. அங்கும் முதுகு. முதல் நாள் முன்னைவிட உயரமாகத் தாவியது. கேட்டது கிடைக்காவிட்டால் யாரும் முதலில் குரலை உயர்த்தித்தானே பார்ப்பார்கள்? மறுநாள் பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த நாள் குழம்பிப்போய்ப் பின்பக்கத்தைத் தரையில் வைத்தது. உத்தண்டி குனிந்து காதைச் சொறிந்தான்.

வெள்ளிக்கிழமை தூதர் வந்தார். மிளகு பாய்ந்து ஓடியது. சபை மூச்சைப் பிடித்தது. தூதரின் காலடிக்கு வந்ததும் சட்டென்று உட்கார்ந்து, வாலால் மட்டும் தரையைக் கூட்டியது.

"என்ன மரியாதை! எங்கள் நாட்டில் மந்திரிகளுக்கே இது வராது" என்றார் தூதர்.

அவ்வளவுதான். அனந்தப்பர் ஆசனத்திலிருந்து எம்பினார். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் ஓடினார். இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார்.

"மகாராஜா! மகாராஜா! எல்லாம் என் யோசனை! நான்தான் முதலில் சொன்னேன்! இங்கே பாருங்கள், மகாராஜா!"

ராஜா மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் சிரிப்பில் குலுங்கின.

உத்தண்டி பிரதானியின் காதருகே குனிந்தான்.

"முதலில் உட்காருங்கள் சாமி. சொறிந்துவிடச் சொல்கிறேன்."