சவரிராயன் வாங்கிய சத்தம்

"குருவே! எக்ஸாஸ்டை மாத்திட்டேன், காத்து ஃபில்டரையும் மாத்திட்டேன். இன்னும் என்னத்த மாத்தினா ஆனைமேட்டை முதல்ல ஏறலாம்?"

சவரிராயன் வண்டியை அணைக்கவில்லை. நான்கு சக்கர மணல் வண்டி, நூற்றிப்பத்து சிசி. புதுப் புகைக்குழாய் போட்ட அது பட்டறை ஷெட்டின் தகரக் கூரையே அதிரும்படி கத்திக்கொண்டு நின்றது.

மெக்கானிக் ரெஜினா ஹேண்டில்பாரைக் காட்டி என்னவோ சொன்னாள்.

"என்னது?"

மறுபடியும் காட்டிச் சொன்னாள்.

"கேக்கலம்மா! சத்தமாச் சொல்லு!"

அவள் கையைத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள்.

சவரிராயனுக்கு ஐம்பது வயது. ரெஜினாவுக்கு முப்பத்திநாலு. இருந்தும் அவர் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பட்டறைக்காரர்கள் பார்த்துவிட்டு, காயலாங்கடைக்குப் போடச் சொன்ன அவர் வண்டி ஒன்றை அவள் ஒரே ஒரு ஒயரைத் துடைத்து ஓடவிட்டிருந்தாள். அன்றைக்குச் சேர்ந்த சிஷ்யர் இவர். நல்ல மனுஷன்தான். ஆனால் கேள்வி கேட்டால் பதிலுக்கு நிற்கமாட்டார், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு.

அவருக்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஊருக்கு மேற்கே செம்மணல் தேரி. கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல், நடுவில் ஆனைமேடு. அந்த மணலில்தான் சவரிராயனும் லிங்கதுரையும் வெளியூர்க்காரர்களுக்கு வண்டிச் சவாரி விடுகிறார்கள். ஆளுக்கு மூன்று வண்டி. எல்லாம் ஒரே மாதிரி.

வேன் வந்து நிற்கிற இடத்தில் ஒரு புங்கமரம் உண்டு. நிழலில் நிற்பவனிடம்தான் சவாரி ஏறும். இன்னொருவன் தூரத்தில் உடைமரத்து முள்ளுக்குள் நிற்க வேண்டும். அந்தச் சூட்டு மணலில் யார் அவ்வளவு தூரம் நடந்து வருவார்கள்?

ரெண்டு பேரும் அடித்துக்கொள்ளக் கூடாது என்று ஊரில் ஒரு வழக்கம் வைத்தார்கள். கோயில் திருவிழாக் கொடியிறக்கத்துக்கு மறுநாள் காலையில் இருவரும் ஆனைமேட்டில் வண்டியை ஏற்றுவது. முதலில் உச்சிக்குப் போனவருக்கு ஒரு வருஷம் புங்கமரம்.

சவரிராயன் மூன்று வருஷமாக முள்ளுக்குள் நிற்கிறார். இந்த வருஷமும் தோற்றால் வண்டிகளை விற்றுவிட்டு மைத்துனன் கடையில் அரிசி மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். கொடியிறக்கத்துக்கு நாலு நாள் இருந்தது.

டீ குடித்துவிட்டு ரெஜினா வந்தபோது வண்டி அணைந்திருந்தது. வாசலில் சவரிராயன் கைகட்டி நின்றார்.

"இப்போ சொல்லு குருவே."

அவள் ஒரு வெள்ளைத் தட்டை எடுத்தாள். புது ஃபில்டரைக் கழற்றித் தட்டின் மேல் ரெண்டு தட்டு தட்டினாள்.

தட்டு மிளகாய்ப்பொடி கொட்டினாற்போல் சிவந்தது.

"எத்தனை நாள் ஓட்டினீங்க?"

"ரெண்டு நாள்."

ஃபில்டருக்குப் பின்னால், இன்ஜினுக்குக் காற்று போகிற குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தாள். விரலும் சிவப்பு.

"காத்து நல்லா உள்ள போவுதுன்னு கடைக்காரன் சொன்னான்" என்றார் சவரிராயன்.

"போவுது அண்ணாச்சி. தேரியும் சேந்து போவுது."

அவருக்கு முகம் செத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஃபில்டரை விடு. அது என் புத்திகெட்ட வேலை. ஆனா எக்ஸாஸ்ட் அப்படியில்ல, சத்தியமாச் சொல்லுதேன், வண்டி பறக்கு!"

"பறக்கா?"

"பறக்கு!"

"அப்போ வாங்க, பாப்போம்."

ஆனைமேட்டு அடிவாரத்தில் ரெஜினா செல்போனில் நேரம் வைத்தாள். சவரிராயன் ஹெல்மெட்டை மாட்டி ஏறினார். அந்தப் பக்கத்துக் காக்காய் எல்லாம் இடத்தைக் காலி செய்தன.

இறங்கி வந்தவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"பாத்தியா! ராக்கெட்டு!"

அவள் நேரத்தைச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டி நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"காதுல வைங்க. மேல துண்டைச் சுத்திக் கட்டுங்க. அப்புறம் ஹெல்மெட். மறுபடி ஏறுங்க."

பல்வலிக்காரர் மாதிரிக் கட்டிக்கொண்டு ஏறினார். பாதி மேட்டிலேயே திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்தார். இறங்கி வந்ததும் துண்டை உருவி எறிந்தார்.

"என்னமோ ஆயிட்டு இதுக்கு! நகரவே மாட்டேங்குது! நடந்து போயிருந்தா முன்னாடி போயிருப்பேன்."

ரெஜினா செல்போனைக் காட்டினாள்.

முதல் தடவை நாற்பத்திநாலு செகண்டு. இரண்டாம் தடவையும் நாற்பத்திநாலு.

"உன் போன் சரியில்ல."

அவள் வண்டியைப் பட்டறைக்குத் தள்ளச் சொன்னாள். பழைய சைலன்சரை மாட்டினாள். இன்ஜின் பக்கத்துக் குழாயைத் துடைத்து, பழைய ஃபில்டர் பெட்டியையும் மாட்டினாள். மறுபடி ஆனைமேடு.

வண்டி பூனை போல ஏறியது. சவரிராயன் ஏறுகிற வழியெல்லாம் உச்சுக் கொட்டிக்கொண்டே போனார்.

நாற்பத்தியொன்று.

அவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"குருவே, அப்போ எக்ஸாஸ்ட், ஃபில்டர் எல்லாம் ஏமாத்தா?"

"யார் சொன்னா? பெரிய வண்டிக்குப் போடுவாங்க. கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோலையும் அதுக்குத் தக்கன கூட்டுவாங்க. அதுல கொஞ்சம் கிடைக்கும்."

"இதுக்கு?"

"அண்ணாச்சி, உலையில போட்டது கால் படி அரிசி. அடுப்பை எவ்வளவு ஊதினாலும் எத்தனை படி சோறு வரும்?"

சவரிராயன் விரல்விட்டு எண்ணப் பார்த்து, வெட்கப்பட்டு நிறுத்தினார்.

"அப்போ என் பிழைப்பு போச்சுன்னு சொல்லுத. முள்ளுக்குள்ளயே சாவணும். இல்ல, மூட்டை தூக்கணும்." நிஜமாகவே பயந்துபோயிருந்தார் பாவம்.

ரெஜினா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"கட்டை விரலைக் காட்டுங்க."

காட்டினார்.

"இந்த வண்டிக்கு ஆக்சிலேட்டர் எது?"

"இது என்ன கேள்வி? ஹேண்டில்பார்ல இருக்க லீவர். கட்டை விரலால அமுக்கணும்."

"போயி அமுக்குங்க."

எழுந்து போய் அமுக்கினார்.

"இன்னும்."

"அவ்வளவுதான் போவும்."

"ஏன்?"

"ஏன்னா என்ன? அவ்வளவுதான் போவும். எம்புட்டு வருசமா ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா?"

"ஏன் அண்ணாச்சி?"

அவர் எரிச்சலோடு குனிந்து லீவரைப் பார்த்தார். அது பொருந்தியிருந்த கூட்டின் முதுகில் ஒரு சின்ன ஸ்க்ரூ நீட்டிக்கொண்டிருந்தது. லீவர் பாதி வழியில் அந்த ஸ்க்ரூவில் இடித்து நின்றது. ஸ்க்ரூவின் தலையில் நீல நிறத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு, காய்ந்து வெடித்துப்போய்.

சவரிராயன் அந்த நீலச் சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வண்டி வந்த புதிதில், மகள் ஸ்டெல்லா ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. வேகம் போகக் கூடாதென்று அவரேதான் அந்த ஸ்க்ரூவை முறுக்கினார். அது தானாகச் சுழன்றால் தெரிய வேண்டுமே என்று மகளின் நகப்பூச்சை வாங்கி ஒரு சொட்டும் வைத்தார்.

அதோடு மறந்தார். அதே வண்டியில் மூன்று வருஷம் பந்தயமும் ஓடினார்! இப்படி ஒரு மனுஷனை எங்கே போய்த் தேட?

"இது என் வேலை" என்றார் மெல்ல. "எம்பிள்ளைக்காக நானே பூட்டினது."

ரெஜினா ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்தாள். அவர் வெளிப்பக்கமாகத் திருகினார். ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டே ஒன்பது சுற்று.

லீவரை அமுக்கினார். அது போனது, இன்னும் போனது, கைப்பிடியைத் தொட்டு நின்றது.

அடுத்த ஏற்றம் முப்பத்திரண்டு செகண்டு.

இறங்கி வந்தவர் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். திடீரென்று கோபமும் வந்துவிட்டது.

"ஏம்மா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? என்னை இந்த வெயில்ல மேட்டுக்கும் பள்ளத்துக்கும் விரட்டுத!"

"முதல்லயே சொன்னேன் அண்ணாச்சி."

"எப்போ?"

"வந்து நின்னீங்களே, அப்போ. ரெண்டு தடவை சொன்னேன். நீங்க வண்டியை அணைக்கல."

கொடியிறக்கத்துக்கு மறுநாள் காலை ஊரே ஆனைமேட்டில் கூடியது. லிங்கதுரை அவர் பங்குக்குப் புதுக் குழாய் போட்டிருந்தார். வெள்ளிபோல் மின்னியது. அது போட்ட கூச்சலில் ஜனங்கள் கைதட்டுவதே கேட்கவில்லை. எல்லோரும் அந்தச் சத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தம் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது அங்கே சவரிராயன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

லிங்கதுரைக்கு நம்ப முடியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"வே சவரி, என்னத்த மாட்டினீரு?"

"ஒண்ணும் மாட்டல."

"சும்மா சொல்லும்வே. வெளிநாட்டுச் சரக்கா?"

"ஒண்ணே ஒண்ணைக் கழத்தினேன்."

"சொல்ல இஷ்டமில்லைன்னா விடும்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார் லிங்கதுரை.

அன்று மதியமே புங்கமரத்தடியில் முதல் வேன் வந்து நின்றது. வாழ்த்துச் சொல்ல வந்த ரெஜினா மரத்தில் சாய்ந்து நின்றாள்.

வேனிலிருந்து குதித்த முதல் ஆள் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண்குழந்தை. எட்டு வயதிருக்கும். நேரே ஜெயித்த வண்டிக்கே ஓடிவந்தாள்.

"மாமா, எனக்கு இதுதான் வேணும்!"

சவரிராயன் ரெஜினாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முறுக்கினார். உதடு மட்டும் எண்ணியது. ஒன்பதாவது சுற்றில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு நகப்பூச்சு குப்பியை எடுத்துத் திறந்தார். ஸ்டெல்லாவிடம் காலையிலேயே கேட்டு வாங்கி வைத்திருந்தார். இந்தத் தடவை சிவப்பு.

குழந்தை ஹெல்மெட்டோடு ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. பக்கத்தில் அவள் அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சாவகாசமாக நடந்தார். அவ்வளவுதான் வேகம்.

ஆனால் குழந்தை ஹேண்டில்பார் மேல் குனிந்திருந்தாள். கண்ணை இடுக்கி, கன்னம் உப்ப, தேரி முழுக்கக் கேட்கும்படி வாயால் ஓட்டினாள்.

"ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்! ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!"

ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கினாள். மூச்சு வாங்கியது.

"மாமா, பாத்தீங்களா? நான் எப்படிப் பறந்தேன்!"

ரெஜினா மரத்தடியிலிருந்து கேட்டாள்:

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளை என்ன எக்ஸாஸ்ட் போட்டிருக்கு?"

சவரிராயன் குழந்தையைப் பார்த்தார். தூரத்தில், முள்ளுக்குள் பளபளத்துக்கொண்டு நின்ற லிங்கதுரையின் வண்டியைப் பார்த்தார்.

பிறகு ஐம்பது வயது மனுஷன் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் தொடவில்லை. கன்னத்தை உப்பினார்.

"ட்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்!"