இழுபடாத ஏழு பனியன்கள்

அறிவு இருக்கிறதா என்று யாராவது கேட்டால் சென்னியப்பன் கோபித்துக்கொள்ள மாட்டான். எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "நேத்து இங்கதானுங்க இருந்துச்சு" என்பான். அப்படிப்பட்ட தங்கமான மனுஷன்.

ஊஞ்சமரத்துப்பாளையத்தில் அவனுக்கு ஒரு தையல் கடை உண்டு. கூட்டாளிகள் இரண்டு பேர்: அர்த்தநாரி, ராக்கியப்பன். மூன்று பேர் இருந்தால் தப்பு நடக்காது என்றுதான் கூட்டுச் சேர்ந்தார்கள். தப்பும் மும்மூன்றாக நடந்தது, அவ்வளவுதான்.

போன வருஷம் ஊர் கபடி அணிக்கு அவர்கள்தான் பனியன் தைத்தார்கள். பின்னல் துணியை ஒருவன் முன்னாலிருந்து இழுக்க, ஒருவன் பின்னாலிருந்து இழுக்க, சென்னியப்பன் நடுவில் தைத்தான். பனியனின் கீழ்ப்பக்கம் கொசுவம் வைத்ததுபோல் அலையலையாக விரிந்துவிட்டது. பக்கத்து ஊர் மேக்கூர் அணிக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்து, 'பாவாடை டீம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அணித் தலைவன் மருதாசலம் வேறு யாருமில்லை, சென்னியப்பனின் தங்கை புருஷன். பாவம், ஒரு வருஷமாக அவனால் மேக்கூர்ப் பக்கம் டீ குடிக்கக்கூடப் போக முடியவில்லை.

இந்த வருஷமும் இறுதி ஆட்டம் மேக்கூரோடுதான். மருதாசலம் துணியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"இந்தத் தடவையும் பாவாடை ஆச்சுன்னா, மச்சா, உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன். உங்க தங்கச்சியும் மிதிக்க மாட்டா."

தங்கை என்றால் சென்னியப்பனுக்கு உயிர். அடுத்த பஸ்ஸில் திருப்பூர் போய், பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் தைத்த ஜெயமணியக்கா முன்னால் கைகட்டி நின்றான்.

"ரெண்டே விஷயந்தான் சென்னியப்பா" என்றாள் அக்கா. "சுருட்டி வந்த துணி இழுபட்டுக் கெடக்கும். பிரிச்சுப் போட்டு ஒரு நாள் ஓய்வு குடு, தானா அதோட அளவுக்கு வந்துரும். அப்பறம், தைக்கையில இழுக்காத. மெஷினே துணியக் கூட்டிட்டுப் போகும். உன்ற கை வழி காட்டுனாப் போதும்."

திரும்பி வந்ததும் மூவரும் கயிற்றுக் கட்டிலில் மெத்தை போட்டுத் துணியைப் படுக்க வைத்தார்கள். அர்த்தநாரி விசிறினான். ராக்கியப்பன் தலைமாட்டில் சொம்பில் தண்ணீர் வைத்தான்.

"தலைமாடு எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று சென்னியப்பன் ரகசியக் குரலில் கேட்டான்.

ராக்கியப்பன் யோசித்துவிட்டு, கால்மாட்டிலும் ஒரு சொம்பு வைத்தான்.

தைக்கக் கொடுத்ததை வாங்க வந்தவர்களை எல்லாம் சைகையாலேயே திருப்பி அனுப்பினார்கள். கோயிலில் ரேடியோ போட்டபோது சென்னியப்பன் ஓடிப்போய், "வீட்டுல படுத்திருக்குதுங்க, கொஞ்சம் சத்தத்தைக் கொறைங்க" என்று கெஞ்சினான். யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று நினைத்துப் பூசாரி விபூதி கொடுத்து அனுப்பினார். அதையும் துணிக்கு இட்டார்கள்.

மறுநாள் வெட்டி, மெஷினில் வைத்து, மூவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"மெஷின் கூட்டிட்டுப் போகும்னாங்களே, கெளம்பக் காணோமே" என்றான் ராக்கியப்பன்.

"அது திருப்பூர் மெஷின். நாலு எடம் போய் வந்திருக்கும்" என்றான் அர்த்தநாரி. "நம்ம மெஷின் இந்த ரூமைத் தாண்டுனதில்ல. வழி தெரிய வேண்டாமா?"

அந்த நேரம் சென்னியப்பனுக்குக் கால் மரத்துப்போனது. உதறினான், பாதம் மிதியில் பட்டது, மெஷின் கடகடவென்று ஓடி, துணியும் நகர்ந்தது.

"கெளம்பிருச்சு!" என்று மூவரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். எழுந்ததும் மெஷின் நின்றது. பிறகு சென்னியப்பன் மட்டும் உட்கார்ந்து மிதிக்க, அர்த்தநாரி துணியில் ஒரு விரலை வைத்து வழி சொன்னான். "நேராப் போங்க. முன்னால அக்குள் வருது, மெதுவா வளைங்க."

வேடிக்கை என்னவென்றால், ஏழு பனியனும் அச்சில் வார்த்த மாதிரி வந்தன. யாருமே இழுக்காத துணி எதற்காகக் கோணப் போகிறது? சென்னியப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆட்டத்தன்று மருதாசலம் பனியனை எடுத்துத் தலையை நுழைக்கப் போனான்.

"இழுக்காதீங்க மாப்ள!" என்று அலறினான் சென்னியப்பன். "தலை போனா கழுத்து இழுபடும்!"

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"தலையக் கொஞ்சம் சின்னதாக்கிக்கச் சொல்லலாமா?" என்றான் ராக்கியப்பன்.

"மாப்ள நமக்காக ஒத்துக்குவாரு. மத்த ஆறு பேரும் ஒத்துக்கோணுமே" என்றான் அர்த்தநாரி.

கடைசியில் ஏழு பனியனையும் முன்வரிசை நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். வீரர்கள் வெற்று உடம்போடு இறங்கினார்கள். நம்பர் இல்லாமல் ஆட விடமாட்டேன் என்று நடுவர் மறித்தபோது, சென்னியப்பன் டேப் வைத்து அளந்து, தையல் சாக்பீஸால் ஒவ்வொரு முதுகிலும் நம்பர் எழுதினான்.

மேக்கூர்க்காரர்களுக்குப் பனியனைப் பிடித்து இழுத்துத்தான் பழக்கம். வேர்த்த உடம்பில் எதைப் பிடிப்பது? ஒவ்வொருத்தனும் விலாங்கு மீனாக வழுக்கிக்கொண்டு போனான். ஊஞ்சமரத்துப்பாளையம் ஜெயித்துவிட்டது! மருதாசலம் சந்தோஷத்தில் மச்சானைத் தூக்கிச் சுற்றினான். போட்டோவில் பனியன்கள் உட்கார்ந்திருந்தன, வீரர்கள் பின்னால் நின்றார்கள்.

அடுத்த நாள் பஸ் நிறுத்தத்தில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். பார்த்த சென்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இடம் நிரப்புவதற்காக ஃபிளெக்ஸ் கடைக்காரன் போட்டோவை அகலவாட்டில் இழுத்துவிட்டிருந்தான். ஏழு பனியனும் ஏழு பாவாடையாக விரிந்து கிடந்தன.

சற்று நேரத்தில் ஃபிளெக்ஸைக் காணோம் என்று மருதாசலம் தேடிக்கொண்டு கடைக்கு வந்தான். அது கட்டிலில் மெத்தைமேல் படுத்திருந்தது. அர்த்தநாரி விசிறிக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் சொம்பு.

"என்ன மச்சா இது?"

"மெதுவாப் பேசுங்க மாப்ள. இழுத்துப்புட்டான் படுபாவி. ஒரு நாள் ஓய்வு குடுத்தா அளவுக்கு வந்துரும். இப்பவே உங்க மூஞ்சி ரெண்டு விரக்கடை உள்ள போயிருச்சு."

மருதாசலம் குனிந்து, முறம் அகலத்துக்கு இருந்த தன் முகத்தைப் பார்த்தான். கன்னத்தைத் தடவினான். தொப்பையையும் தடவினான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"கொஞ்சம் தள்ளிப் போடுங்க மச்சா" என்று சொல்லி, ஃபிளெக்ஸ் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான்.