மூணு தடவை நின்ன ரயில்

ஏட்டி தேனு, கால ஆட்டாம படு. அத்தை ஒரு தடவைதான் சொல்லுவேன். ‘ம்’ கொட்டலைன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு தண்ணித் தொட்டி இருந்துச்சு. ஊர்னா என்ன ஊரு, எந்தப் பஞ்சாயத்துலயும் சேராத இருபது குடிசை. கரி இஞ்சின் தண்ணி பிடிக்க அங்க நிக்கும். நிக்கிற ரயில்ல சுண்டலும் வெள்ளரிக்காயும் விக்க வந்தவங்க அப்படியே குடியேறிட்டாங்க. அப்புறம் டீசல் இஞ்சின் வந்துச்சு. அதுக்கு எதுக்குத் தண்ணி? கூ...ன்னு ஊதிட்டு நிக்காமப் போயிருச்சு.

“ம்.”

அப்போ ஐப்பசி மழை. ஓடையில வெள்ளம், மாட்டு வண்டி இறங்க முடியாது. அன்னைக்குப் பார்த்து கோமுவுக்குப் பிரசவ வலி வந்துருச்சு. தலைச்சன் பிள்ளை, குறுக்க கிடக்கு. மருத்துவச்சி பார்த்துட்டு, “டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இல்லைன்னா ரெண்டு உசுரும் போயிரும்”னு கையை விரிச்சுட்டா. டவுனுக்குப் போக ரயில் பாலம் ஒண்ணுதான் வழி. ரயில்தான் நிக்காதே!

கோமுவோட நாத்தனா மாடத்தி இருக்காளே, துணிஞ்ச கட்டை. “மதினியைக் கட்டில்ல போட்டுத் தொட்டிகிட்ட வைங்க. முந்தின ஸ்டேஷன் வரைக்கும் கட்டில் தாங்காது, நான் ஓடிப் போயி அங்க ஏறி வந்து சங்கிலிய இழுக்கேன்”னு தண்டவாளத்தோட ஓடினா.

ஏறிட்டா. தொட்டி கண்ணுக்குத் தெரிஞ்சதும் இழுத்தா. கிரீ...ச்! ஆனா பாரு, அந்த ஊர்க்காரங்க பார்த்ததெல்லாம் தொட்டிக்கு நேரா வந்து நிக்கிற ரயில். இழுத்ததும் நின்னுரும்னு நெனச்சுட்டா, பாவி மக. ரயில் தொட்டியத் தாண்டி, கோமுவத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள்ள போயி நின்னுச்சு.

“ஐயோ!”

ஐயோதான். நாலு பேரு கட்டிலைத் தூக்கிட்டு ஓடுதாங்க, சரளைக் கல்லுல தடக் தடக்குனு. கோமு கத்துதா. கார்டு வந்து, “யாரும்மா இழுத்தது?”ங்காரு.

“நான்தான் ஐயா. பிள்ளைத்தாச்சி வாரா, கொஞ்சம் பொறுங்க.”

“இது ஸ்டாப்பிங் இல்லை”ன்னு போய்க் கொடியைக் காட்டிட்டாரு. ரயில் நகருது. அப்போ மறுபடி இழுத்தா, மறுபடி நின்னுச்சு. இந்தத் தடவை ரயில்ல வந்த போலீஸ்காரர் ஓடி வந்து அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. ரயில் திரும்ப நகருது, ஜுக்... ஜுக்... கட்டில் கடைசிப் பெட்டிகிட்ட வந்துருச்சு. அப்போன்னு பார்த்து முன்னால தூக்கினவன் வழுக்கி விழுந்துட்டான். கோமு சத்தம் நின்னு போச்சு.

தேனு? தூங்கிட்டியா?

“இல்ல, சொல்லு அத்தை!”

அப்போ மூணாவது தடவையா கிரீ...ச்! மாடத்தி கை போலீஸ் பிடியில, அப்போ யாரு இழுத்தது? எதிர் சீட்டுல உக்காந்திருந்த ஒரு கிழவர். “என்னையும் சேத்துப் பிடிச்சுக்கோ”ன்னாரு. பெட்டி ஆளுகெல்லாம் குதிச்சு, கட்டிலை உள்ள ஏத்திட்டாங்க. கார்டு கோமு முகத்தைப் பார்த்தாரு. அதுக்கப்புறம் டவுன் வரைக்கும் ரயில் எங்கேயும் நிக்கலை.

பொம்பளப் பிள்ளை. ரெண்டு உசுரும் பிழைச்சுது, சாமி புண்ணியம். மாடத்திக்கு ஒரு மாசம் ஜெயிலு.

ரயில் மூணு தடவை நின்ன சேதி மேலிடம் வரைக்கும் போயி, அப்புறம் ரயில்வேக்காரங்க வந்தாங்க. இனிமே ரயில் நிக்கும்னு சொல்லி, கோமு ஏறின கருவேலங்காட்டுல ஸ்டேஷன் பலகையை நட்டுட்டுப் போயிட்டாங்க. ஊரு ஒரு பக்கம், ஸ்டேஷன் ஒரு பக்கம், கூறுகெட்ட வேலை!

மாடத்தி ஜெயில்ல இருந்து ரயிலேறி வந்தா. எட்டிப் பார்த்தா காட்டைக் காணோம். இருபது குடிசையும் கூரையோட, கோழியோட அங்க வந்து நிக்குது. கோமு பிள்ளையைத் தூக்கிக் காட்டி, “ஏட்டி மாடத்தி, இறங்கு! நம்ம ஊரு வந்துருச்சு”ன்னா.

அவ இறங்கிட்டா, கதையும் இறங்கிருச்சு. கண்ணை மூடு.