கூப்பிடாத தோள்

கேளுங்கள். குறுக்கே பேச நினைக்கிறவன் இப்போதே எழுந்து போகலாம்.

மலையில் உப்பு விளையாது, கடற்கரையில் தினை விளையாது. அந்த இரண்டுக்கும் நடுவே மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்த உப்பு வணிகர் கூட்டம் ஒன்று முன்னொரு காலத்தில் இருந்தது. அதன் தலைவன் நன்னாகன்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம். வண்டியை அவிழ்த்துப் போட்டதும் யாரும் சோற்றில் கை வைக்கக் கூடாது. மாற்றுக்கு வைத்திருக்கும் அச்சுமரத்தை ஒவ்வொருவனும் தலைக்கு மேல் தூக்கி இறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பானை மூடி திறக்கும். மலை ஏறுகிறவனுக்கு மாடு மட்டும் இருந்தால் போதுமா? தோளும் வேண்டாமா?

இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டி பின்னால் சரிந்தால் முதல் தோள் வண்டிக்காரன் தோள். "தோள் வா!" என்று அவன் கூப்பிட்ட பிறகே அடுத்தவன் தொடலாம். கூப்பிடாமல் தொட்டால், "நீ செத்துப் போனாய்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

நன்னாகன் ஒரு காலத்தில் அந்த அச்சுமரத்தை மீசை ஆடாமல் தூக்கியவன்தான். தலைவன் ஆனான், சோம்பலும் வந்தது. அழிசி என்கிற கூலியாளைக் கூப்பிட்டான்.

"டேய் நோஞ்சான், என் பங்கையும் நீயே தூக்குடா. எனக்கெதுக்கு? உனக்குத்தான் வேணும்."

கூட்டம் சிரித்தது.

அழிசி பஞ்சத்தில் தப்பி வந்தவன். திட்டினால் தலையாட்டுவான், அடித்தால் குனிவான். தன் பங்கும் தலைவன் பங்குமாகத் தூக்கினான். ஒரு மழை போனது, ஒரு பனி போனது, ஒரு கோடை போனது. அவன் முதுகு நிமிர்ந்தது, தோள் திரண்டது. அது அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

தலைவன் மனைவி எயினிக்குத் தெரிந்தது. "அழிசி, உன் நிழலைப் பாரப்பா. கதவு அகலம் இருக்கு" என்றாள்.

"வெயில் சாய்ஞ்சிருக்கும்மா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கணவனிடமும் சொன்னாள். "நீயும் ஒரு தடவை தூக்கித்தான் பாரேன்."

"என் தோளை எனக்குத் தெரியாதா? ஊரே பேசுதடி!"

ஊர் பேசினால் சதை வளருமா?

ஒரு நடுப்பகல். மலைவளைவில் பாறையெல்லாம் ஈரம். தடைக்கல்லைச் சுமந்துகொண்டு எயினி, நன்னாகன் ஓட்டிய வண்டிக்குப் பின்னால் நடந்தாள். மாடு நின்றால் சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பது அந்தக் கூட்டத்துப் பெண்கள் வேலை. மாடுகள் வழுக்கி முழங்காலிட்டன. வண்டி பின்னோக்கி வந்தது. அவள் கல்லை வைத்தாள். கல்லும் வழுக்கியது, அவள் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. கண்ணுக்கு நேரே சக்கரம்.

மற்ற வண்டிகள் வளைவைத் தாண்டி மேலே போய்விட்டன. அங்கே இருந்தது நன்னாகனும் அழிசியும்தான்.

நன்னாகன் பாய்ந்து தோள் கொடுத்தான். வண்டி நின்றது. அவன் தொடை நடுங்கியது.

"ஐயா, நானும் பிடிக்கட்டுமா?"

"எட்டி நில்லு!"

வண்டி ஒரு சாண் இறங்கியது.

"ஐயா, அம்மா கால்..."

"என் வண்டிடா! நோஞ்சான் பயலே, நீ பிடிச்சா நிக்கவா போகுது?"

இன்னொரு சாண் இறங்கியது.

"அழிசி, பிடிடா!" இது எயினியின் குரல்.

அழிசி தன் கைகளைப் பார்த்தான். அவன் மனசுக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சத்தில் வந்த அந்தக் குச்சிக் கைகள்தான். நான் பிடித்தா நிற்கப் போகிறது என்று அவனும் நினைத்தான். நினைக்க மட்டுமே நேரம் இருந்தது.

நன்னாகனின் முழங்கால் மடங்கியது. சக்கரம் அவள்மேல் ஏறியது.

"தோள் வா!" என்று அப்போது அலறினான் தலைவன்.

அழிசி முதுகைக் கொடுத்து நெம்பினான். ஒற்றை ஆளாக. உப்பு மூட்டையோடு வண்டி எழுந்து, மேடேறி, நின்றது. எயினியை இழுத்து எடுத்தார்கள். மூச்சு இல்லை.

நன்னாகன் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அழிசி அழவில்லை. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், யாருடைய கைகளோ என்பது போல.

பழக்காத தோளை நம்பியவனும் பழகிய தோளை நம்பாதவனும் சேர்ந்தே அவளைக் கொன்றார்கள்; ஆகையால் உடம்பை நாள்தோறும் பழக்கு, பழகிய உடம்பு உன்னை யார் என்று சொல்கிறதோ அதை நம்பு.