சந்தையில் மிட்டாய் கேட்டவர்

ஒன்பது வருஷமாக ஆவுடையப்பனிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி உலகம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. படுத்த படுக்கையாகிவிட்ட கடைசி நாட்களில் அவள் ஒரு பண்டத்துக்கு ஆசைப்பட்டாள். அவள் பிறந்த ஊர்ப் பக்கத்துச் சந்தைகளில் சுடச்சுடப் போடும் கருப்பட்டி மிட்டாய். யாரையாவது அனுப்பி ஒன்றே ஒன்று வாங்கித் தாருங்கள் என்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள்.

கொடுத்திருக்க வேண்டுமா, கூடாதா? அதுதான் கேள்வி.

கேட்காத இடமில்லை. ஒரு மடத்தில் ஊழ் என்றார்கள். இன்னொரு மடத்துச் சாமியார், "மருந்து தெரிந்தவர் செய்ய வேண்டியதைத்தானே செய்தீர்கள்" என்று திருநீறு கொடுத்து அனுப்பினார். எந்தப் பதிலைக் கேட்டும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அறுபத்து மூன்றாம் வயதில் அவர் வடிவம்மையிடம் வந்து சேர்ந்தார். அந்த அம்மையாருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இராது. மடம் கிடையாது, காவி கிடையாது. வெள்ளைச் சேலையோடு ஊர் ஊராக நடப்பார். ஆவுடையப்பன் தன் கேள்வியைச் சொன்னபோது, "நடக்கலாம், வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். நாலு மாதமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆடி மாதத்தில் தென்கோடிக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் பனங்காடு. காற்று செம்மண்ணை வாரி வாரி இறைத்தது. முன்பகல் வேளையில் ஒரு சந்தைக்குள் நுழைந்தபோது, கருவாட்டு வாடைக்கும் வெங்காய மூட்டைகளுக்கும் நடுவில் வேறொரு மணம் வந்தது. வெல்லம் காய்கிற மணம் மாதிரி. ஆனால் வெல்லமில்லை. சுக்கும் ஏலமும் கலந்த, கொஞ்சம் புகைந்த மணம்.

ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பினார்.

சாக்குப் பந்தலுக்குக் கீழே ஒரு பெண் அடுப்பெதிரே உட்கார்ந்திருந்தாள். துணியில் ஓட்டை போட்டு, அதில் மாவை வைத்துக் கொதிக்கிற எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிந்தாள். வெந்ததை ஒரு குச்சியால் தூக்கிப் பக்கத்துப் பாகில் அமுக்கினாள். வெள்ளையாக உள்ளே போனது, கன்னங்கரேலென்று மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"இது என்ன தாயி?" என்று கேட்டார்.

"கருப்பட்டி மிட்டாய் அண்ணாச்சி. இந்தப் பக்கம் புதுசா?"

அவர் குனிந்து பாகைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து உலகம்மாள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். ஏதோ ஜிலேபி போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

வடிவம்மை ஓலைப்பெட்டியில் கொஞ்சம் வாங்கி, நின்றபடியே ஒன்றைத் தின்றார். இன்னொன்றை நீட்டினார்.

"என்னால் முடியாது அம்மா."

அம்மையார் வற்புறுத்தவில்லை.

அடுப்பெதிரே இருந்த பெண்ணின் பெயர் செல்லக்கனி. கூட இருந்து எடை நிறுத்துக் கொடுக்கும் தங்கைக்கு அன்று காய்ச்சல். பிழியவும் வேண்டும், பாகு பார்க்கவும் வேண்டும், வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் வேண்டும். ஆட்கள் நெருக்கினார்கள்.

"இவர் நிறுத்துக் கொடுப்பார்" என்றார் வடிவம்மை. "மருந்து நிறுத்துப் பழகிய கை."

ஆவுடையப்பன் திகைத்து அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் அதற்குள் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அவர் தராசைப் பிடித்தார்.

வெகுநேரம் நிறுத்தார். உப்பளத்துப் பெண்கள் வந்தார்கள். பனையேறிகள் வந்தார்கள். வாங்கியதும் ஒருவரும் அப்படியே கட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கேயே நின்று சூட்டோடு ஒன்றைத் தின்றுவிட்டுத்தான் போனார்கள். தின்னும்போது யாரும் பேசவில்லை. அதை அவர் கவனித்தார்.

உச்சிப்பொழுது தாண்டி ஒருவர் வந்தார். ஒடிசலான ஆள். வலது பாதத்தில் கட்டு. பின்னால் அவர் மனைவி கைப்பையோடு வேகவேகமாக வந்தாள். கட்டைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்குத் தெரிந்துவிட்டது.

"ரெண்டு மிட்டாய் குடுங்க அண்ணாச்சி" என்றார் அவர்.

"குடுத்துராதீங்க" என்றாள் மனைவி. "சுகர் முன்னூறுக்குக் கொறைய மாட்டேங்கு. விரலு ரெண்ட எடுத்தாச்சு."

"எடுத்தது விரலத்தான பிள்ள? நாக்க எடுக்கலையே." அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் மிட்டாய் மேலேயே இருந்தது. "பொறந்ததுல இருந்து திங்கது அண்ணாச்சி. இப்பம் தின்னு ரெண்டு வருசமாச்சு. ஒண்ணு போதும்."

ஆவுடையப்பனின் கை தராசிலேயே நின்றது. வடிவம்மையைப் பார்த்தார். அம்மையார் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். செல்லக்கனியும் பிழிவதை நிறுத்திவிட்டாள்.

கொடுத்துவிடு என்று ஒன்பது வருஷமும் சேர்ந்து சொல்லிற்று. அந்தக் கட்டோ அவர் கண் முன்னாலேயே இருந்தது.

"முடியாது அண்ணாச்சி" என்றார் கடைசியில். "நான் கம்பவுண்டரா இருந்தவன். என் கையால முடியாது."

அந்த மனிதர் கோபப்படவில்லை. மெதுவாக அடுப்போரம் மண்ணில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"சரி, வாசனையாவது பிடிச்சிட்டுப் போறேன். அதுக்கும் சுகர் ஏறுமா?"

"ஏறாது."

"அப்பம் நீங்களும் ஒக்காருங்க. நான் கெஞ்சிருவேன்னு பயந்து நிக்கிய."

உண்மைதான். எழுந்து போய்விடலாமா என்றுதான் ஆவுடையப்பன் அந்த நேரம் நினைத்துக்கொண்டிருந்தார். தராசை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார். "நீ ஒண்ணு தின்னு பிள்ள."

"ஒங்கள வச்சிக்கிட்டு நான் எப்படித் திங்க?"

"நான் பாக்கேன். தின்னு."

அவள் மாட்டேன் என்றாள். அவர் விடவில்லை. செல்லக்கனி பாகிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கடித்தாள்.

"மொறுமொறுன்னு இருக்கா?"

"இருக்கு."

"பாகு உள்ள எறங்கிருக்கா?"

"எறங்கிருக்கு."

"சுக்கு?"

அவள் மென்று பார்த்தாள். "கொஞ்சம் தூக்கல்தான்."

"அது அப்படித்தான் இருக்கணும்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

காலில் கட்டு நழுவியிருந்தது. ஆவுடையப்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தப் பாதத்தைத் தன் மடிமேல் எடுத்துவைத்துத் துணியைப் பிரித்து மறுபடி கட்டினார். கட்டி முடிக்கும்வரை அந்த மனிதர் பழைய சந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மனைவி மீதி மிட்டாயையும் தின்று விரலைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்தார். "போயிட்டு வாறேன் அண்ணாச்சி" என்று கும்பிட்டார். முகம் தெளிந்திருந்தது.

சந்தை கலைந்ததும் இருவரும் ஊருக்கு வெளியே ஓர் உடைமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"இன்றைக்கும் நான் கொடுக்கவில்லை அம்மா" என்றார் ஆவுடையப்பன்.

"ஆமாம்."

"அன்று செய்ததைத்தான் இன்றும் செய்தேன். அந்த மனிதர் நிறைந்த மனசோடு போனார். உலகம்மாள் அப்படிப் போகவில்லை. அன்று நான் கொடுத்திருக்க வேண்டுமோ?"

வடிவம்மை சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"முடியாது என்று சொன்னீர்களே. சொல்லிவிட்டு என்ன செய்தீர்கள்?"

"இன்றைக்கா? அவர் பக்கத்தில்..."

"அன்றைக்கு."

ஆவுடையப்பன் யோசித்தார். எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். முடியாது என்ற இடத்தோடு அது நின்றுவிடும். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் கேட்டதில்லை.

"சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்."

"மறுநாள்?"

"மறுநாளும் கேட்டாள். மறுநாளும் போனேன்."

"உங்களுக்கு வேலை இருந்ததா?"

காற்று எழுந்து அடங்கியது.

"இல்லை அம்மா. ஐந்து நாளும் நான் லீவில் இருந்தேன்."

இருட்டுவதற்குள் இருவரும் அடுத்த ஊருக்குப் போவதாக இருந்தது. போகவில்லை. ஆவுடையப்பன் அழுது ஓயும்வரை அம்மையார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.